சிவப்பு மை அடித்த ஒரு சொல்

மாண்பால் உயர்ந்து, மௌனத்தால் எங்களை மிரட்டி, இந்த மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர், அரிசி ஆலை அதிபர் அய்யா ராஜமாணிக்கம் அவர்களே! முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மழைநாளில் என்னைப் பணியில் சேர்த்துக்கொண்டு, "பாட்டு சொல்லிக் குடும்மா, பிள்ளைங்கள அழ வைக்காதே" என்று கட்டளையிட்ட எங்கள் அன்றைய தலைமை ஆசிரியை, அம்மா தனக்கோடி அவர்களே! (அம்மா, முதல் பாதியை நிறைவேற்றினேன். இரண்டாம் பாதிக்கு இந்தக் கூட்டத்தில் சாட்சிகள் நிறைய இருக்கிறார்கள், என்னைக் கேட்காதீர்கள்.) மூன்று மாதமாகத் தன் கேசட் கடையைக்கூடக் கவனிக்காமல் இந்த விழாவுக்காக ஓடியாடி உழைத்த விழாக்குழுச் செயலாளர் விருத்தகிரி அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! பெற்று வளர்த்துப் பேணிக் காத்து, அது போதாதென்று பீங்கான் கம்பெனியில் பகல் முழுவதும் நின்றுவிட்டு, கால்வலியோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! நல்லூரிலிருந்தும் வேப்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பாசத்துக்குரிய சொந்தங்களே! சவாரி கிடைத்தால் நழுவிவிடலாம் என்று வாசலோரமாக நிற்கும் ஆட்டோ ஓட்டும் தம்பிகளே! உங்கள் அத்தனை பேருக்கும், உங்கள் பாட்டு டீச்சர் நீலாவதியின் பணிவான வணக்கம்.

கைதட்டலுக்கு நன்றி. போதும், போதும். தாளம் தப்புகிறது.

எனக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். "இசை பணிக்கு ஓய்வு, இதயத்தில் என்றும் ஓய்வில்லை" என்று எழுதியிருக்கிறது. நல்ல வரி. ஆனால் "இசை"க்கும் "பணி"க்கும் நடுவில் ஒரு "ப்" இருந்திருக்க வேண்டும். மேடை ஏறியதும் என் கண் அங்கேதான் போனது. விருத்தகிரி என் முகத்தைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்தது. ஏழாம் வகுப்பில் எப்படி வெளுக்குமோ அதேபோல வெளுத்தது. கவலைப்படாதே விருத்தகிரி! இன்று நான் யாரையும் திருத்தப் போவதில்லை. ஏன் திருத்தப் போவதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இன்று இங்கே வெளியிட்டிருக்கும் குறுந்தகட்டில் என்னுடைய பாடல்கள் பதினொன்று இருக்கின்றன. விருத்தகிரி கேட்டது பன்னிரண்டு. "பன்னெண்டுன்னாதான் டீச்சர் அட்டையில ரெண்டு பக்கமும் சரியா வரும்" என்றார். அந்தப் பன்னிரண்டாவது பாட்டை என்னால் கொடுக்க முடியவில்லை. அந்தப் பாட்டைப் பாட வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பாட மறுத்துவிட்டாள். மறுத்தது நியாயம். அவளை இந்த விழாவுக்காவது வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் எங்கேனும் அவள் இருக்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. இந்த விளக்கு வெளிச்சத்தில் நான்காம் வரிசைக்கு அப்பால் யாரையும் தெரியவில்லை. இருந்தால் கேட்கட்டும். இல்லாவிட்டால், கேட்டவர்கள் போய்ச் சொல்லுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய பெருமக்கள் என்னைப் புகழ்மாலையால் போர்த்திவிட்டார்கள். "நீலாவதி அம்மாவின் பாடல்கள் காலத்தால் மாறாதவை" என்றார் ஒருவர். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அன்பர்களே, நான் உங்களை ஒன்று கேட்கிறேன். பாட்டு மாறாமல் இருக்கலாம். அதைப் போட்டவள் மாறாமல் இருக்கிறாளா? இருபத்தைந்து வயதில் நான் கட்டிய பாட்டை முப்பத்து மூன்று வயதில் கேட்டவள் வேறொருத்தி அல்லவா? அந்த முப்பத்து மூன்று வயதுக்காரி செய்த தீர்ப்பை ஐம்பத்தெட்டு வயதில் திருப்பிப் பார்ப்பவள் இன்னும் வேறொருத்தி அல்லவா?

நம் பள்ளிக்கூடத்து வாழ்த்துப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர்கள் எத்தனை பேர் இங்கே? ஆகா, இத்தனை கைகளா! அந்தப் பாட்டைக் கட்டி முடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை. பத்து வருஷம் கழித்து ஒருநாள் காலை வழிபாட்டில் நின்றுகொண்டு எண்ணிப் பார்த்தேன். "ஒளி" என்ற சொல் பதினொரு முறை வருகிறது! அறிவொளி, அகவொளி, அன்பொளி, அருளொளி! கண்கூசாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து அந்தப் பாட்டு தொடங்கினால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். பிள்ளைகள் என்ன நினைத்தீர்கள்? "டீச்சருக்கு எவ்ளோ பக்தி" என்று நினைத்தீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. போன வருஷம் திருச்சி போகிற பஸ், வேப்பூரில் ஒரு ஓட்டல் வாசலில் நின்றது. டீ குடிக்க இறங்கினேன். பின்பக்கம் ஒரு பெண் டம்ளர் கழுவிக்கொண்டே ஒரு மெட்டை முனகுகிறாள். என்ன மெட்டு! வளைந்து வளைந்து போய், வந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. "நல்லா இருக்கே, யாரும்மா போட்டது?" என்று கேட்டேன். அவள் தலைநிமிராமல் சொன்னாள்: "எங்க ஸ்கூலுல ஒரு பாட்டு டீச்சர் இருந்தாங்க. ரொம்பத் திட்டுவாங்க. அவங்க போட்டது." "பேரு?" என்றேன். "நீலாவதின்னு..." என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, நீங்க யாருங்க?" பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். உண்மையில் பஸ் இன்னும் கால்மணி நேரம் நின்றது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டே இதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு விடவில்லை.

என்னிடம் ஒரு கனத்த நோட்டு இருக்கிறது. நான் கட்டிய பாட்டெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவால் பழைய பாட்டுகளைத் திருத்துவேன். பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்திப் பழகிய கை, சும்மா இருக்குமா? எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் சிவப்பு. அந்தச் சிவப்பிலே ஒரே ஒரு கோடு மட்டும் ஒரு மனுஷியின் மேல் விழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. பள்ளி விட்டதும் நான் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பேன். பீங்கான் கம்பெனிப் பெண்களும் அங்கேதான் நிற்பார்கள். ஃபியூஸ் கட்டை, கோப்பை, பொம்மை, எல்லாம் அச்சிலிருந்து எடுத்ததும் ஈரப்பஞ்சால் ஓரம் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை அவர்களுக்கு. எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை போகாது. அவர்களில் ஒருத்தி பாஞ்சாலை. அப்போது இருபது வயது இருக்கும். பஸ் வரும்வரை பாடிக்கொண்டே இருப்பாள். அவள் குரலைக் கேட்டால் பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டுமே என்று இருக்கும்.

ஒருநாள் அவளாகவே வந்து கேட்டாள். "டீச்சர், எங்களுக்கு ஒரு கும்மிப் பாட்டு போட்டுக் குடுங்க. ஆயுத பூசைக்கு கம்பெனியில ஆடணும்."

"சாமி பாட்டா?" என்றேன்.

"சாமிக்குத்தான் நெறைய இருக்குதே. எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"சரி, எதைப் பத்திப் போடட்டும்?"

"அஞ்சர மணியப் பத்திப் போடுங்க."

"அஞ்சரை மணிக்கு என்ன இருக்குது பாஞ்சாலை?"

"வூட்டுக்குப் போற நேரம் டீச்சர். அதுக்கு மேல இன்னா வேணும்?"

அன்பர்களே, அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இறங்குவதற்குள் பாட்டு வந்துவிட்டது. கவனியுங்கள்.

சூளவாசல் சாத்தியாச்சி, சூரியனும் சாஞ்சாச்சி,
வேல செஞ்ச கையி ரெண்டும் வெள்ள வெள்ள ஆயிப்போச்சி,
வூடு... வூடு... வூடு போவலாம் வாடி புள்ள,
வூட்டுக்குள்ள ஒரு பசி இருக்குது, வுட்டுப்புட்டு வந்த பசி!

இந்த "வூடு" இருக்கிறதே, முதல் "வூடு", அதை எட்டுத் தட்டுக்கு நீட்ட வேண்டும். எட்டு முறை கை தட்டும்வரை அந்த "ஊ" நிற்க வேண்டும். உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுகிற மாதிரி மெல்ல மெல்ல ஊதி நிறுத்த வேண்டும். பாஞ்சாலை நிறுத்தினாள். ஆயுத பூசை அன்று கம்பெனி முற்றத்தில் முப்பது பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்ட, அவள் அந்த "ஊ"வில் போய் நின்றபோது, மேனேஜர் உட்பட அத்தனை பேரும் மூச்சு விட மறந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் போட்ட பாட்டா இது, நான் போட்ட பாட்டா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் என்ன ஆனது?

படித்தேன். அதுதான் ஆனது! இரவும் பகலும் இலக்கணமும் யாப்பும் படித்துப் புலவர் பட்டம் வாங்கினேன். படிப்பு நல்லதுதான். அதன் மேல் பழி போடமாட்டேன். ஆனால் படித்தவுடன் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? குற்றம் காணும் கண். பழைய நோட்டை எடுத்தேன். "வூடு." அய்யய்யோ! "வூடு" என்றா எழுதியிருக்கிறேன்? ஒரு புலவர் கையெழுத்தில் "வூடு"வா? வகரத்தின் மேல் ஊகாரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வராதே! நாளைக்கு நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். அடித்தேன். மேலே "வீடு" என்று எழுதினேன். எழுதியதும் ஒரு புதுப் பெருமை பிறந்தது. அறம், பொருள், இன்பம், வீடு! வீடு என்றால் மனையும் ஆயிற்று, மோட்சமும் ஆயிற்று. ஒரே சொல்லில் இரண்டு பொருள். கும்மிப் பாட்டை நான் காவியமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்!

ரயில் போகட்டும். ஜங்ஷன் இருக்கிற ஊரில் பேசினால் ரயிலுக்கு வழிவிட்டுத்தான் பேச வேண்டும். போய்விட்டது. நல்லது.

எண்பத்து ஒன்றில் வானொலியில் அந்தப் பாட்டைப் பதிவு செய்ய அழைப்பு வந்தது. பாஞ்சாலையைக் கூப்பிட்டுப் புதுச்சொல்லைக் கற்றுக் கொடுத்தேன். "வீடு" என்றேன். "வூடு" என்றாள். "வீ" என்றேன். "வீ" என்றாள். "வீடு" என்றேன். "வூடு" என்றாள். தனியாகச் சொன்னால் வருகிறது. மெட்டிலே ஏறினால் "வூடு"தான் வருகிறது. எட்டு வருஷம் அந்த "ஊ"விலேயே நின்ற நாக்கு. பத்து நாள் பழக்கினேன். வரவில்லை. பத்தாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் பெரியநாயகி என்று ஒரு உதவி ஆசிரியை, நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. அவளைத் தயார் செய்துவிட்டேன்.

பதிவுக்குப் போகிற நாள். விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் பாஞ்சாலை வந்து நிற்கிறாள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தலைகுளித்து, புதுப்புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் கையிலிருந்த சுருதிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "குடுங்க டீச்சர், நான் தூக்கிக்கறேன்" என்றாள். அப்போது பெரியநாயகியும் வந்து சேர்ந்தாள். நான் அந்தப் பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் நடுவில், சொன்னேன்: "நீ வர வேணாம் பாஞ்சாலை. உனக்கு அந்தச் சொல்லு வரல."

அவள் என்ன செய்தாள் தெரியுமா? திட்டினாளா? அழுதாளா? பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனாளா? எறிந்திருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! நாங்கள் பஸ் ஏறும்வரை அந்தப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, அந்த ஜன்னல் வழியாகப் பெட்டியை நீட்டினாள். அந்த நகக்கண்ணில் வெள்ளை இருந்தது. "போயிட்டு வாங்க டீச்சர். நல்லாப் பாடச் சொல்லுங்க" என்றாள்.

பெரியநாயகி நன்றாகத்தான் பாடினாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை. ஆனால் "வீ" என்று எட்டுத் தட்டுக்கு நீட்டும்போது உதடு இழுத்துக்கொண்டு, குரல் மெலிந்து, ஊசி போலக் குத்தியது. பதிவு முடிந்ததும் அங்கிருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் கூசுதுங்களே அம்மா." "பாமரக் காது" என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். திட்டிய எனக்கும் கூசியது என்பதுதான் உண்மை. ஆனால் நானா ஒப்புக்கொள்வேன்? பாட்டே சரியில்லை, சின்ன வயசில் போட்ட பாட்டு, அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே சிவப்புக் கோடாக அடித்தேன். அதன் பிறகு ஆயுத பூசைக்கு அந்தக் கம்பெனிப் பக்கமே போகவில்லை.

இருபத்தைந்து வருஷம்! பாஞ்சாலையைக் கடைவீதியில் பார்ப்பேன். கோயில் வாசலில் பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டு கேட்பாள். ஒருநாளும் கேட்காமல் போனதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

போன மாதம் விருத்தகிரி பாட்டுகளைத் தொகுக்க வந்தார். நோட்டைப் புரட்டினேன். அந்தப் பக்கம் வந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே நீல மையில் ஒரு இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கையெழுத்து. "வூடு." வாய்க்குள் பாடிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு இலக்கணம் தெரியாதுதான். ஆனால் காது இருந்தது! எந்த எழுத்தில் குரல் இளைப்பாறும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பஸ் நிறுத்தத்தில் கேட்டதைக் கேட்டபடியே எழுதும் நேர்மை இருந்தது. எட்டு வருஷம் படித்து நான் தொலைத்தது அதைத்தான்.

உடனே கிளம்பிப் போனேன். ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிறது பாஞ்சாலை வீடு. "வாங்க டீச்சர், வூட்டுக்குள்ள வாங்க" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தேன். மன்னிப்பு வரவில்லை, அதிகாரம் வந்தது. "பாஞ்சாலை, அந்தக் கும்மிப் பாட்டைப் பாடு" என்றேன். டீச்சர் புத்தி!

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிப் பாடினாள். சூளவாசல் சாத்தியாச்சி... சூரியனும் சாஞ்சாச்சி... குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. அந்த இடம் வந்தது.

"வீடு" என்று பாடினாள்.

ஆமாம், "வீடு" என்றுதான் பாடினாள். பிசிறில்லாமல், பிழையில்லாமல், எட்டுத் தட்டுக்கும் "வீ" என்று நிறுத்திப் பாடினாள். நான் அதிர்ந்துபோனேன். அதிர்ச்சியில் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுகிறது. "இல்ல பாஞ்சாலை, அப்படி இல்ல. வூடுன்னு பாடு" என்றேன். மறுபடியும் திருத்தினேன்!

அவள் கண்ணைத் திறந்தாள். கோபமில்லை, குற்றம்சாட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"அன்னிக்கி வூடு தப்புன்னீங்க. இன்னிக்கி வீடு தப்புங்கறீங்க. நான் எப்ப டீச்சர் சரியாப் பாடுவேன்?"

அன்பர்களே, இந்தக் கேள்விக்கு எந்தப் புலவர் பதில் சொல்வார்?

அவளே தொடர்ந்து சொன்னாள். "நீங்க மறுபடியும் ஒரு நாளு கூப்புடுவீங்கன்னு நெனச்சேன் டீச்சர். கூப்புட்டா சரியாப் பாடணுமேன்னு பஞ்சு வச்சித் தொடைக்கறப்பெல்லாம் தனியாப் பழகினேன். ரெண்டு மூணு வருசம் ஆச்சி வர்றதுக்கு. கூட்டத்துல வாயத் தொறக்கறதில்ல. மத்தவங்க வூடுன்னு பாடுவாங்க, நான் தட்டு மட்டும் போடுவேன். இப்ப எனக்கு அது வரல டீச்சர். பேசறப்ப வூடுதான் வருது. பாடறப்ப வரல."

நான் கூப்பிடுவேன் என்று! இருபத்தைந்து வருஷம், நான் கூப்பிடுவேன் என்று! நான் அடித்துப் போட்ட பாட்டை அவள் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். 

சி.டி.க்குப் பாட வா என்றேன். "வேணாம் டீச்சர். ஒரு தடவ கெளம்பி வந்து திரும்பினேன். அது போதும்" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் வருகிற வழியெல்லாம் அவள் பாடிய "வீடு" என் காதில் நிற்கிறது. ஏன் நிற்கிறது? பெரியநாயகி பாடியபோது குத்திய அந்த "வீ", பாஞ்சாலை பாடியபோது ஏன் குத்தவில்லை? வீட்டுக்கு வந்து சுருதிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தேன். பாதி ராகம்கூட யாரும் சொல்லிக் கொடுக்காத அந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் போட்ட மெட்டில் அந்த இடத்தில் நேராக மேலே போய் நிற்க வேண்டும். அவள் நேராகப் போகவில்லை. ஒரு படி கீழே இறங்கி, அங்கே இரண்டு தட்டுக்கு இருந்து, மூச்சைத் திரட்டிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறாள். வேலை முடிந்த கால், வாசற்படியில் ஒரு நொடி நின்றுவிட்டு ஏறுமே, அப்படி ஏறுகிறாள். "வீ"யின் கூர்மை அந்தப் படியிலேயே மழுங்கிவிடுகிறது. அந்த ஸ்வரம் நான் போட்டதில்லை. என் நோட்டில் எந்த மையிலும் அது இல்லை. என் பிழையை என்னிடம் சொல்லாமல், யாரிடமும் சொல்லாமல், அவள் சரி செய்திருக்கிறாள்.

நான் என் பாட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். பிறகு வெட்கப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். மூன்று முறையும் அதை "என் பாட்டு, என் பாட்டு" என்றே நினைத்தேன். நான் நினைப்பை மாற்றிக்கொண்டே இருந்த காலமெல்லாம் அந்தப் பாட்டு என்னிடம் இல்லவே இல்லை! ஈரப்பஞ்சோடு ஒரு மேசை முன்னால் நின்று வளர்ந்துகொண்டிருந்தது. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. பெற்றவளுக்கு அடிக்கத்தான் தெரிந்தது.

ஆகவே அவையோரே, அன்று அந்த வீட்டில் என் வாயில் வராத சொல்லை இந்த மைக்கில் சொல்கிறேன். எந்தப் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில் அவளைத் திருப்பி அனுப்பினேனோ, அதைவிடப் பெரிய கூட்டத்தின் நடுவில் சொல்கிறேன். பாஞ்சாலை, என்னை மன்னித்துவிடு. தப்பு உன் நாக்கில் இல்லை, என் பேனாவில் இருந்தது. வூடும் சரி. வீடும் சரி. உன்னை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினேனே, அது மட்டும்தான் பிழை.

என்ன? என்ன அங்கே சலசலப்பு? பின்னால் தூணோரமா? அந்த விளக்கைக் கொஞ்சம் திருப்புங்கள். யார் அது... வந்திருக்கிறாளா? பாஞ்சாலை! வந்திருக்கிறாயா?

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கனகாம்பரம் வைத்திருக்கிறாள்.

விருத்தகிரி, நீ எழுந்து வா. அந்தக் குறுந்தகட்டை மறுபடியும் போட வேண்டும். பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டாவது பாட்டுக்கு நேரே "இசை: நீலாவதி, பாஞ்சாலை" என்று இரண்டு பேரும் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பேர் மட்டும் விடுபடக் கூடாது. ஆனால் ஒன்று. அவள் பாட விரும்பினால்தான். விரும்பாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அது அவள் இடம்.

பாடுவாயா பாஞ்சாலை? சத்தமாகச் சொல்லு, இங்கே கேட்கவில்லை.

கேட்டீர்களா? "எந்தச் சொல்லு டீச்சர்?" என்று கேட்கிறாள்! சிரிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், அவள் நியாயமாகத்தான் கேட்கிறாள். எந்தச் சொல் உன் வாயில் வருகிறதோ, அந்தச் சொல். இனி அதைத் திருத்துகிற உரிமை எனக்கு இல்லை.

தலைவர் அவர்களே, உங்கள் பொறுமைக்கு நன்றி. பொன்னாடை போர்த்திய கைகளுக்கு நன்றி. பேனர் எழுதிய கைக்கும் நன்றி. "ப்" இல்லாமலே அது அழகாகத்தான் இருக்கிறது. கால்வலியோடு வந்து கண்கலங்கக் கேட்ட தாய்மார்களே, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. கும்மிக்குத் தட்டு உங்களுடையது. எட்டு. குறைக்காதீர்கள்.

அந்தச் சுருதிப் பெட்டியை இப்படிக் கொடு விருத்தகிரி. இல்லை, நீ தூக்க வேண்டாம். நான்தான் தூக்க வேண்டும்.

என்ன சொல்கிறாள் அவள்? "நீங்க எறங்காதீங்க டீச்சர், முட்டி வலிக்கும், நானே அங்க வரேன்" என்கிறாளா? நீ அங்கேயே நில், பாஞ்சாலை. அன்றைக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ நின்றாய். இன்றைக்கு நான் வருகிறேன்.

எல்லோருக்கும் என் வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள்.